ஏ பக்கம், பி பக்கம்

சென்ற பொங்கலுக்குக் கம்பத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய பேரன் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்க்கிறவன். அவனும் விடுமுறைக்கு வந்திருந்தான். வெளியூரிலிருந்து வருகிற பிள்ளைகள் வழக்கமாகத் துணிமணி, மிட்டாய் டப்பா என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். இவன் ஒரு ரிக்கார்டு பெட்டியைக் கொண்டுவந்திருந்தான். சாவி கொடுத்துச் சுற்றுகிற பழைய கிராமபோன் அல்ல. சூட்கேஸ் மாதிரி மூடித் திறக்கிற புதுப் பெட்டி.

"இதெல்லாம் இப்பவும் விக்கிறாங்களாடா?" என்றேன்.

"இப்பத்தான் தாத்தா நல்லா விக்கிறாங்க" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் பெட்டி கண்முன்னே இருந்தது.

திண்ணையில் அதை வைத்து, ஒரு பெரிய தட்டை உறையிலிருந்து எடுத்து, ஓரத்தை மட்டும் பிடித்து, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் இடுகிற பக்குவத்தோடு வைத்தான். முள் இறங்கியது. அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்வது? நெல் அரவை மில்லில் பெல்ட் அறுந்து விழுந்த சமயம் ஒருமுறை நான் அங்கே நின்றிருக்கிறேன். முதல் பாட்டு எனக்கு அதைத்தான் ஞாபகப்படுத்தியது. உள்ளேயிருந்து தங்கை எட்டிப் பார்த்து, "ஏதாச்சும் ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பிள்ளை முகம் வாடிவிடக் கூடாதே என்று நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பாட்டுப் போயிற்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். ஆரம்பித்துவிட்டதே என்று நாம் நிமிர்வதற்குள் முடிந்துவிடுகிறது. மூன்றாவதிலோ நாலாவதிலோ, அந்தத் தடதடப்புக்கு மேலே ஒரு மெட்டு மிதந்து போவது காதில் விழுந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிற மாதிரி எளிய மெட்டு. ஒருதரம் அது பிடிபட்டுவிட்டால் அப்புறம் இரைச்சல் அவ்வளவாக உறுத்துவதில்லை. ஓடைச் சத்தத்துக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருப்பது மாதிரி ஆகிவிடுகிறது. என் தலை லேசாக ஆடியதைப் பையன் பார்த்துவிட்டான். அவனுக்கு உற்சாகம் வந்து, பாடம் நடத்த ஆரம்பித்தான்.

இதற்கு மெலடிக் ஹார்ட்கோர் பங்க் என்று பெயராம். பங்க் என்றால் மூன்று நாலு கார்டுகளை வைத்துக்கொண்டு, சங்கீதம் தெரிந்தவர்களிடம் அனுமதி கேட்காமல், கோபத்தோடு பாடுவது. 1980 வாக்கில் அமெரிக்காவில், முக்கியமாகத் தெற்குக் கலிபோர்னியாவில், அதை இன்னும் வேகமாக்கி, இன்னும் சுருக்கி, ஹார்ட்கோர் என்றார்கள். வெறும் கூச்சலாகப் போய்விடாமல் அதற்குள்ளே மெட்டையும் கூட்டுக் குரலையும் கொண்டுவந்தவர்கள் மெலடிக் ஆசாமிகள். 'பேட் ரிலிஜன்' என்ற குழு 1988-ல் போட்ட 'ஸஃபர்' என்னும் தட்டு பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் பாலபாடம் மாதிரி ஆயிற்றாம்.

"இந்தத் தட்டுல ரெண்டு குழு தாத்தா. ஒண்ணு நோ எஃப் எக்ஸ், இன்னொண்ணு ரான்ஸிட். 2002-ல வந்தது."

ரான்ஸிட் என்றால் ஊசிப்போனது என்று அர்த்தம். எண்ணெய்ப் பலகாரத்துக்குச் சொல்கிற வார்த்தையைத் தங்களுக்கே பெயராக வைத்துக்கொண்டிருக்கிற தைரியம் எனக்குப் பிடித்திருந்தது. 1991-ல் பெர்க்கிலியில் ஆரம்பித்த குழு அது. மற்றது 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் துவங்கி, நாற்பது வருஷம் பாடி, 2024 அக்டோபரில் கடைசிக் கச்சேரி நடத்திக் கலைந்துவிட்டது.

ஒரு தட்டை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வது அந்த உலகத்தில் சர்வ சாதாரணமாம். காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. கையில் காசு இல்லாததுதான். நாற்பத்தைந்து சுற்றுகிற ஏழு அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஐந்து நிமிஷம் போலத்தான் கொள்ளும். ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொண்டால் செலவு பாதி. அதோடு, அந்தக் குழுவின் ரசிகன் இந்தக் குழுவையும், இந்தக் குழுவின் ரசிகன் அந்தக் குழுவையும், வேண்டியோ வேண்டாமலோ வீட்டுக்குக் கொண்டுபோகிறான். இதற்கு 'ஸ்ப்ளிட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிளவு! எனக்கு அந்தப் பெயர் சரியாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் கூட்டுக் கிணறு உண்டு. இரண்டு பங்காளிகள் முறை வைத்து இறைத்துக்கொள்வார்கள். கிணற்றைப் பிளந்தா இறைக்கிறார்கள்?

இந்தத் தட்டைப் போட்ட கம்பெனிக்கு பி.ஒய்.ஓ. என்று பெயர். ஸ்டெர்ன் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் 1979-ல் இளைஞர்களுக்காக ஓர் அமைப்பாகத் தொடங்கினார்களாம். அப்புறம் தங்கள் சொந்தக் குழுவுக்காகவே தட்டுப் போடத் துவங்கியிருக்கிறார்கள். அவர்கள் இப்படி ஜோடி ஜோடியாகக் குழுக்களைச் சேர்த்து ஒரு வரிசையே வெளியிட்டார்கள். 1999-ல் வந்த முதல் தட்டில் இங்கிலாந்தின் 'லெதர்ஃபேஸ்' ஒரு பாதி, புளோரிடாவின் 'ஹாட் வாட்டர் மியூசிக்' ஒரு பாதி. வெந்நீர் சங்கீதம் என்று பெயர் வைத்தால் நம் ஊரில் யார் கச்சேரிக்குக் கூப்பிடுவார்கள்? இரண்டாவதில் ஸ்டெர்ன் சகோதரர்கள் தங்கள் குழுவையே இன்னொரு குழுவோடு சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவதுதான் திண்ணையில் சுற்றிக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு விசேஷம் தாத்தா" என்றான் பையன். "ஆளுக்கு ஆறு பாட்டு. ஆனா அவங்க பாட்டை இவங்க பாடுறாங்க, இவங்க பாட்டை அவங்க பாடுறாங்க. மாத்திப் பாடியிருக்காங்க."

நான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு கேட்டேன்: "யாருக்கு ஏ பக்கம்?"

"என்னது?"

"ஏ பக்கம், பி பக்கம்னு இருக்கும்ல? ஏ பக்கம் யாருக்குக் கொடுத்தாங்க?"

அவன் உறையைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. சிரித்தான். "அது ஒரு விஷயமா தாத்தா?"

அது ஒரு விஷயமாகத்தான் இருந்தது, 1984-ம் வருஷம், எனக்கு.

அந்த நாளில் கம்பம் பள்ளத்தாக்கில் பாட்டுப் பைத்தியம் பிடிக்காத வாலிபன் கிடையாது. பண்ணைப்புரம் எங்கள் பக்கத்து ஊர் அல்லவா! பாவலர் வரதராசன் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியதும், 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடிக் கலக்கியதும், தம்பிமார்கள் அவரோடு ஊர் ஊராகச் சுற்றியதும் எங்கள் அப்பாமார்கள் நேரில் பார்த்த சங்கதிகள். சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் கூலி, விலைவாசி, பஞ்சம் எல்லாவற்றையும் அடைத்துப் பாடிவிடுவார். மெட்டு யாருடையது என்று அன்றைக்கு ஒருவரும் வழக்காடவில்லை. அவர் 1973-ல் காலமானார். மூன்று வருஷம் கழித்து 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. தம்பி இளையராஜாவாகிவிட்டார். அதற்கப்புறம் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த ஒவ்வொரு பையனும், பட்டணத்துக்குப் போகிற பஸ்ஸில் தனக்கும் ஓர் இடம் இருக்கிறது என்று நம்பினான். நானும் நம்பினேன். எனக்கு ஆர்மோனியம் வராது. பாட்டு எழுதுவேன்.

கம்பத்தில் எங்கள் மெல்லிசைக் குழு. இருபது கிலோமீட்டர் தள்ளிச் சின்னமனூரில் இன்னொரு குழு. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் இரண்டில் ஒன்று. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் இரண்டும் வந்துவிடும். அவர்கள் குழுவுக்குத் தலைவர் தையல்காரர். பகலில் மிஷின், ராத்திரியில் ஆர்மோனியம். என்னைவிட ஏழெட்டு வயசு மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் தம்பி, நீ, வா, போ என்பார். மேடையில் அவர்கள் பாடுகிறபோது நாங்கள் பக்கத்து டீக்கடையில் இருந்துகொண்டு குற்றம் கண்டுபிடிப்போம். அவர் எங்கள் கச்சேரிக்கு வந்தால் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு குழுவிடமும் சொந்தப் பாட்டுகள் கொஞ்சம் இருந்தன. திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போனவன், பெரியாற்றுத் தண்ணீர், குமுளி மலையில் ஏலக்காய் பறிக்க ஜீப்பில் போகிற பெண்கள், இப்படி. கச்சேரியில் இவற்றைக் கேட்க ஆளில்லை. சினிமாப் பாட்டுத்தான் வேண்டும். கேசட்டாகப் போட்டால் ஒருவேளை கேட்பார்களோ என்று இரண்டு குழுவுக்குமே தோன்றிவிட்டது. மதுரையில் ரிக்கார்டிங் அறை ஒரு நாள் வாடகை எங்களுடைய மூன்று கல்யாணக் கச்சேரிச் சம்பளம். பங்கு போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பியவர் சின்னமனூர் அண்ணன்தான்.

பங்கு என்பது அன்றைக்கு எங்களுக்குப் புதிய சமாசாரம் அல்ல. கடையில் விற்கிற சினிமாக் கேசட்டே பாதிக்குப் பாதி அப்படித்தான் இருந்தது: ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம். ஓடின படத்துக்காக வாங்குவோம். நாடா தீர்ந்து திருப்பிப் போட்டால் ஓடாத படம் பாடும். தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்காத படத்தின் பாட்டுகள் எங்கள் ஊர் டீக்கடைகளில் வருஷக்கணக்காக ஓடியதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். கிராமபோன் தட்டிலும் ஆதியில் ஒரு பக்கம்தான் பாட்டு இருந்தது. பின்பக்கம் வெறுமனே கிடக்கும். ஓடியன் என்ற ஐரோப்பியக் கம்பெனி 1904-ல் இரண்டு பக்கத்திலும் பாட்டைப் பதித்து விற்க ஆரம்பித்த பிறகுதான், 'மறுபக்கம் என்ன?' என்று கேட்கிற பழக்கமே மனிதர்களுக்கு வந்தது. அந்தத் தட்டுகளுக்கு வேண்டிய அரக்கு பெரும்பாலும் நம் தேசத்துச் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து போனது என்பதையும் சொல்லிவைக்கிறேன். பொருத்தமில்லாவிட்டாலும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அறுபது நிமிஷக் கேசட். ஆளுக்கு முப்பது நிமிஷம். ஏ பக்கம் யாருக்கு என்பதற்கு டீக்கடையில் காசு சுண்டினோம். எங்களுக்கு விழுந்தது. நான் துள்ளிய துள்ளலை இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அண்ணன் டீயை முடித்துவிட்டு வேறொரு யோசனை சொன்னார்.

"தம்பி, ஒண்ணு செய்வோமா? உன் பாட்டு ஒண்ணை என் பக்கத்துல நான் பாடுறேன். என் பாட்டு ஒண்ணை உன் பக்கத்துல நீங்க பாடுங்க. கேக்குறவனுக்கு ரெண்டு பக்கமும் சேந்தது ஒரே கேசட்டுன்னு தெரியட்டும்."

"பார்க்கலாம் அண்ணே" என்றேன். எங்கள் ஊரில் அதற்கு முடியாது என்று பொருள். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அல்லது, தெரிந்துதான் அப்படி எடுத்துக்கொண்டாரோ என்னவோ.

மதுரையில் காலையில் எங்கள் முறை. நாலு பாட்டு முடித்துவிட்டு, ராத்திரி உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி இருந்ததால் புறப்பட்டுவிட்டோம். பிற்பகல் அவர்கள் பாடினார்கள். கேசட்டின் அட்டையை அச்சடிக்கிற பொறுப்பு என்னுடையது. அச்சுக்கூடம் எங்கள் பக்கம் இருந்தது. இரண்டு நாள் கழித்து, தையல் கடையில் அளவு எழுதுகிற தாளில் பாட்டு விவரம் எழுதிக் கம்பம் பஸ்ஸில் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினார். ஐந்து வரி இருந்தது. ஐந்தாவது வரி: பெரியாற்றுத் தண்ணீரைப் பற்றி நான் எழுதிய பாட்டின் பெயர், அதன் கீழே, 'பாட்டு: கம்பம் தம்பி' என்று என் பெயர்.

என் பாட்டு! எங்கள் பக்கத்துக்கென்று வைத்திருந்து, எங்கள் பாடகருக்கு மேல் ஸ்தாயி எட்டாததால் விட்டுவிட்ட பாட்டு அது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ! அச்சுக்கூடத்துக்காரரிடம் தாளைக் கொடுத்து, ஐந்தாவது வரியைப் பேனாவால் அடித்தேன். அதோடு விட்டேனா? எங்கள் குழுவின் பெயரை மேலே கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். அவர்கள் பெயர் அடியில், முகவரிக்குச் சற்று மேலே, எறும்பு வரிசை மாதிரி வந்தது. இருநூறு கேசட்டுக்கு இருநூறு அட்டை. நூறை அவருக்கு அனுப்பினோம்.

அவரிடமிருந்து ஒரு பேச்சும் வரவில்லை.

கேசட் விற்றது என்று சொல்ல முடியாது, கொடுத்தோம். டீக்கடை, பஸ், சவுண்ட் சர்வீஸ்காரர்கள். கம்பத்திலிருந்து தேனிக்குப் போகிற பஸ் ஒன்றில் டிரைவர் எங்களுக்குச் சிநேகிதர். ஒருநாள் நானே அதில் ஏறி, டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டேன். ஏ பக்கம் ஓடியது. ஜனங்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். உத்தமபாளையம் தாண்டியதும் கண்டக்டர் கேசட்டைத் திருப்பிப் போட்டார். சின்னமனூர் நெருங்குகிறபோது என் பாட்டு வந்தது. நான் எழுதிய சொல் ஒவ்வொன்றும் அந்தத் தையல்காரர் குரலில் கேட்டது. எங்கள் ஆளுக்கு எட்டாத இடத்தை அவர் எட்டவில்லை. ஒரு சுருதி இறக்கிப் பிடித்து, அவசரப்படாமல், வாய்க்காலில் தண்ணீர் வருகிற மாதிரி பாடியிருந்தார். பஸ்ஸில் பேச்சு நின்றது. ஒரு கிழவர் கண்டக்டரிடம், "இது யாரு பாட்டுப்பா?" என்றார். கண்டக்டர் அட்டையை எடுத்துப் பார்த்தார். அதில் என் பெயர் ஏது? "சின்னமனூர்க்காரங்க பாட்டு" என்றார்.

அடுத்த சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. முல்லையாற்றுக் கரையில் இரண்டு குழுக்காரர்களும் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தோம். நான் நேராக அண்ணனிடம் போய், "அடுத்தவன் பாட்டைத் திருடித்தான் பேர் வாங்கணுமா?" என்று கேட்டேன். எல்லோர் காதிலும் விழும்படி கேட்டேன்.

அவர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்தார்.

"தம்பி, அட்டை அடிச்சது நீங்கதானே?" என்றார்.

அவ்வளவுதான். 'நீ' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் 'நீங்க' என்றார். நான் அவரிடம் வாங்கிய அடிகளில் அது ஒன்றே போதும். அதற்கு அப்புறம் எங்கே பார்த்தாலும், வாங்க, நல்லா இருக்கீங்களா, இவ்வளவுதான். இரண்டு மூன்று வருஷத்தில் குழுக்கள் கலைந்தன. நான் சென்னைக்குப் போனேன். பாட்டு எழுதப் போனவன் கதை எழுத ஆரம்பித்தேன். அவர் தையல் மிஷினோடு இருந்துவிட்டார். 2011-ல் அவர் இறந்துபோன செய்தி எனக்கு இரண்டு மாதம் கழித்து, வேறெதற்கோ வந்த ஒரு கடிதத்தின் கடைசி வரியாக வந்தது.

திண்ணையில் அந்த அமெரிக்கத் தட்டு முடிந்ததும் நான் எழுந்துபோய், தங்கை வீட்டுப் பரணில் கிடக்கிற என் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னேன். கேசட் இருந்தது. போட்டுக் கேட்க இயந்திரம்தான் இல்லை. பையன் கம்பத்தில் ஒரு பழைய சவுண்ட் சர்வீஸ் கடையில் விசாரித்து, தூசி படிந்த டேப் ரிக்கார்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தான்.

முதலில் எங்கள் பக்கம். முதல் பாட்டு முடிந்து அடுத்தது துவங்குவதற்கு முன்னே இருக்கிற மௌனத்தில் ஏதோ கேட்டது. யாரோ தூரத்தில், தெரியாத பாஷையில் முனகுகிற மாதிரி. அடுத்த இடைவெளியிலும் அதேதான். நான் பயந்துபோனேன் என்றால் சிரிப்பீர்கள்.

பையன்தான் விளக்கினான். கேசட்டுக்கு இரண்டு பக்கம் என்று நாம் சொல்கிறோமே, நாடாவுக்கு இரண்டு பக்கம் கிடையாதாம். நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா. அதன் ஒரே முகத்தில் ஒரு பாதியில் ஏ, மற்றப் பாதியில் பி. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், எதிரும் புதிருமான திசையில் ஓடுகின்றன. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டுவந்த நாள் முதல் இதுதான் ஏற்பாடு. திருப்பிப் போடுகிறபோது நாம் வேறு பக்கத்துக்குப் போவதில்லை. அதே நாடாவின் மற்றப் பாதியை இயந்திரத்துக்குக் காட்டுகிறோம். நாடாவைத் தொட்டுப் படிக்கிற ஹெட் இம்மி மேலோ கீழோ நகர்ந்திருந்தால், அடுத்த பாதியில் இருப்பதும் சேர்ந்து கேட்கும். தலைகீழாக, கடைசியிலிருந்து முதலுக்கு.

"ஸ்க்ரூவைத் திருகினா சரியாயிடும் தாத்தா" என்றான்.

"அப்புறம் திருகலாம்" என்றேன். ஏ பக்கத்தின் துவக்கத்துக்கு நேரே ஓடிக்கொண்டிருப்பது பி பக்கத்தின் முடிவு. அங்கே இருப்பது ஐந்தாவது பாட்டு. எங்கள் முதல் பாட்டுக்குப் பக்கத்திலேயே, நாற்பது வருஷமாக, அவர் என் பாட்டைப் பாடிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

திருப்பிப் போட்டோம். அவருடைய நாலு பாட்டையும் நான் முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான். நல்ல பாட்டுகள். இரண்டு, எங்கள் நாலைவிட நன்றாக இருந்தன. ஐந்தாவது ஓடுகிறபோது பையன், "இது யாரு எழுதினது?" என்று கேட்டான். சொன்னேன். "அட்டையில இல்லையே?" என்று புரட்டிப் பார்த்தான். அதற்கும் காரணத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லாமல் நாடாவைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றுகிற வேலையில் இறங்கினான்.

மறுநாள் அதை ஒரு சிறு கருவியில் போட்டு எடுத்துக்கொண்டு இருவரும் சின்னமனூர் போனோம். அண்ணனுடைய கடையை இப்போது அவர் மகன் நடத்துகிறார். நாற்பத்தைந்து வயசு இருக்கும்; அப்பாவின் நெற்றி, அப்பாவின் காது. நான் யார் என்று சொன்னதும் மிஷினை நிறுத்தி எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொன்னார். வீட்டில் இருந்த கேசட்டுகளெல்லாம் ஒரு மழையில் நனைந்து போயினவாம். பையன் செல்போனில் பாட்டை வைத்தான். கடையில் துணிக்கு வந்திருந்த இரண்டு பெண்களும் நின்று கேட்டார்கள். மகன் தலையைக் குனிந்துகொண்டு, கத்தரிக்கோலை மேஜையில் மெதுவாகத் தட்டித் தட்டித் தாளம் போட்டார்.

ஐந்தாவது பாட்டு வந்தபோது அவரே நிமிர்ந்தார்.

"இது உங்க பாட்டுல்ல ஐயா? அப்பா சொல்வாரு. எப்பப் பாடினாலும், இது கம்பத்துத் தம்பி பாட்டுன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிப்பாரு."

நான் தலையை ஆட்டினேன். பாட்டு முடிகிற வரையில் யாரும் பேசவில்லை. டீ வந்தது. அவர் என் கையில் கிளாஸைக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"உங்க பக்கத்துல அப்பா பாட்டு எது ஐயா? அதையும் போடச் சொல்லுங்களேன், கேப்போம்."

"இல்லை தம்பி" என்றேன். "எங்க பக்கத்துல இல்லை."

"அப்படியா" என்றார். மிஷினில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தைக்க ஆரம்பித்தார்.